கடல் யாருக்குரியது? ஐரோப்பியப் பொது மீன்வளக் கொள்கையின் வரலாறு

1970ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க், நார்வே ஆகிய நாடுகளை ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்த்துக்கொள்வதற்கான பேச்சுவார்த்தை லக்சம்பர்கில் தொடங்கிற்று. அதே வேளையில் பழைய அங்கத்தினர் அறுவரும் மீன்வளத்தைக் குறித்துத் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். எந்த அங்கத்தினரின் கடலிலும் மற்றவர்களின் கலங்கள் சமவுரிமையுடன் மீன்பிடிக்கலாம் என்பதே அதன் சாரம். அக்டோபரில் அது சட்டமாயிற்று. வளமிக்க கடல்களை உடையவையோ வாசலில் நின்ற அந்நாடுகளே. அவை உள்ளே வருமுன்னரே பகிர்வின் விதி எழுதப்பட்டுவிட்டது. இதனைத் தற்செயல் என்று கொள்ள நம்மால் இயலவில்லை.

நார்வே மக்கள் 1972 செப்டம்பரில் 53.5 விழுக்காடு வாக்குகளால் அங்கத்துவத்தை மறுத்தனர். உழவரின் அச்சமும் தன்னாட்சியைப் பற்றிய கவலையும் அம்மறுப்பில் கலந்திருந்தன. எனினும் வடகரை மீனவரின் எதிர்ப்பை ஒதுக்கிவிட்டு அதனை விளக்க முடியாது. ஏனைய மூன்று நாடுகளும், கரையோரக் கடலை 1982 முடியத் தமக்கெனக் காத்துக்கொள்ளும் சலுகையுடன் 1973இல் சேர்ந்தன.

இதற்கிடையில் மீன் அருகியது. 1977இல் வடகடலில் ஹெர்ரிங் பிடிப்பதையே தடைசெய்ய நேர்ந்தது. நீண்ட வழக்கிற்குப் பின் 1983 ஜனவரி 25ஆம் நாள் பங்கீட்டு முறை உருவாயிற்று. ஒவ்வொரு மீனினத்திற்கும் ஆண்டுக்கு ஓர் உச்சவரம்பு. அதில் ஒவ்வொரு நாட்டிற்கும், பெரும்பாலும் பழைய பிடிப்பைக் கொண்டு கணக்கிட்ட நிலையான பங்கு.

நீதியாகத் தோன்றும் இம்முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. கணக்கில் ஏறியது கரையில் இறக்கிய மீன் மட்டுமே. வலையோ இனம் பார்த்துப் பிடிப்பதில்லை. ஆகவே பங்கிற்கு மிஞ்சியதை மீனவர் கடலிலேயே கொட்டினர். அதில் பெரும்பகுதி செத்த மீன். சட்டத்திற்குக் கீழ்ப்படிந்தவனே உணவைப் பாழாக்கினான். அமைச்சர்களோ ஆண்டுதோறும் டிசம்பரில் கூடி, அறிவியலாளர் கூறிய அளவுக்கு மேலாகவே பலமுறை வரம்பை உயர்த்தினர். தம் நாட்டுத் துறைமுகங்களுக்கு அவர்கள் வெறுங்கையுடன் திரும்ப விரும்பவில்லை.

2013இல் செய்த சீர்திருத்தம் மீனைக் கொட்டுவதை 2015 முதல் 2019 வரை படிப்படியாகத் தடைசெய்தது. நடுக்கடலில் காவல் அரிதாகையால் அத்தடை முழுமையாகக் கைக்கொள்ளப்படவில்லை.

பிரிட்டன் 2020 ஜனவரியில் விலகியது. அவ்வாண்டின் வர்த்தகப் பேச்சில், அதன் பொருளாதாரத்தில் மிகச் சிறு பங்கான மீன்பிடியே கடைசிவரை தீராத வழக்காயிருந்தது. ஐரோப்பியக் கலங்கள் பிரிட்டனின் கடலில் 2038 வரை மீன்பிடிக்கலாம் என்று இரு தரப்பாரும் 2025 மே மாதம் இசைந்தனர். பிரிட்டனின் மீனவர் அமைப்புகள் அதனை உடனே கண்டித்தன.