கடை மூடிய பிறகும் உழைத்த கன்ட்ரோலர்

ஒரு கடையில் குடை வாங்குகிறோம். அடுத்த வருடம் அந்தக் கடையை மூடிவிட்டார்கள் என்பதற்காகக் குடை விரியாமல் போய்விடுமா? போகாது. ஆனால் இன்றைய மின்னணுப் பொருள்கள் சிலவற்றுக்கு அந்தக் கதி வருகிறது. கூகுள் நிறுவனம் ஸ்டேடியா என்ற விளையாட்டுச் சேவைக்காகச் செய்த கன்ட்ரோலரின் கதை அப்படிப்பட்டதுதான். முடிவு மட்டும் கொஞ்சம் வேறு.

2019 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டேடியா அறிவிக்கப்பட்டது. விஷயம் இதுதான்: வீட்டில் விலை உயர்ந்த கன்சோல் தேவையில்லை. விளையாட்டு கூகுளின் டேட்டா சென்டரில் ஓடும், படம் மட்டும் இணையம் வழியாக டிவிக்கு வரும். அந்த ஆண்டு நவம்பர் 19 அன்று அமெரிக்கா, கனடா, பிரிட்டன் உட்பட 14 நாடுகளில் சேவை தொடங்கியது. இந்தியாவுக்குக் கடைசி வரை வரவில்லை.

கன்ட்ரோலரின் விலை 69 டாலர். இதில் ஒரு புதுமை இருந்தது. பட்டனை அழுத்தினால் அந்தச் செய்தி டிவிக்குப் போகாது, வைஃபை மூலம் நேராக டேட்டா சென்டருக்கே போய்விடும். நடுவில் ஒரு கருவி குறைந்தால் தாமதமும் குறையும் என்பது கணக்கு. உள்ளே ப்ளூடூத்தும் இருந்தது. ஆனால் மற்ற கருவிகளோடு விளையாட அது திறந்துவிடப்படவில்லை. பிற்காலத்தில் திறக்கப்படலாம் என்று மட்டும் தயாரிப்பு விவரத்தில் எழுதியிருந்தார்கள்.

வியாபாரம் எதிர்பார்த்தபடி போகவில்லை. 2021 பிப்ரவரியில் ஸ்டேடியாவுக்காகச் சொந்தமாக விளையாட்டுகள் தயாரிக்கும் பிரிவை கூகுள் மூடியது. 2022 செப்டம்பர் 29 அன்று சேவையே நிற்கப்போகிறது என்று அறிவித்தது. 2023 ஜனவரி 18 அன்று நின்றும் போனது. தன் கடையில் வாங்கிய கருவிகளுக்கும் ஸ்டேடியாவில் வாங்கிய விளையாட்டுகளுக்கும் பணத்தைத் திருப்பித் தந்தது. மாதச் சந்தாவுக்கு மட்டும் தரவில்லை.

பணம் வந்துவிட்டது, சரி. கையில் இருக்கும் கன்ட்ரோலர்?

பட்டன் தேயவில்லை, பேட்டரி சாகவில்லை. கணக்கியலில் ஒரு சொத்துக்குத் தேய்மானம் எழுதும்போது உழைப்பு, காலம், புதிய கண்டுபிடிப்பால் பழசாகிப்போவது ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இங்கே இவை எதுவும் காரணம் இல்லை. பூட்டிய ஒரு வசதிதான் காரணம்! யூ.எஸ்.பி கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் விளையாடலாம். கேபிள் இல்லாமல் விளையாட வழி இல்லை. ப்ளூடூத்தைத் திறந்துவிடுங்கள் என்று வாங்கியவர்கள் கேட்டார்கள்.

சேவை நிற்பதற்கு முந்தின நாள், 2023 ஜனவரி 17 அன்று, கூகுள் அதைச் செய்தது. கன்ட்ரோலரை யூ.எஸ்.பி கேபிளால் கம்ப்யூட்டரில் இணைத்து, க்ரோம் உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்து, அங்கே சொல்லும் படிகளைச் செய்தால் போதுமானதாக இருந்தது. அதன் பிறகு அது சாதாரண ப்ளூடூத் கன்ட்ரோலர். கம்ப்யூட்டரோடும் போனோடும் சேரும். ஒரு நிபந்தனை, மாற்றியபின் பழையபடி வைஃபைக்குத் திரும்ப முடியாது. ஸ்டேடியாவே இல்லாதபோது அது யாருக்கு வேண்டும்?

மாற்றிக்கொள்ள முதலில் 2023 இறுதி வரை கெடு வைத்தார்கள். பிறகு 2024 இறுதி என்றார்கள். அதன் பின் 2025 டிசம்பர் 31 வரை நீட்டினார்கள்.

கூகுள் செய்தது நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கெடுவையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பொருள் வாங்கியவர் வீட்டில் இருக்கிறது, சாவி விற்றவரிடம் இருக்கிறது. அவர் கொடுக்கும் வரைதான் சாவி. இந்த முறை கொடுத்தார்கள். அடுத்த நிறுவனமும் கொடுக்கும் என்று எந்த பில்லிலும் எழுதித் தருவதில்லை. வாங்கும் நாளிலேயே கேட்க வேண்டிய கேள்வி இது: சேவை நின்றால் இந்தப் பொருள் எதற்கு உதவும்? விலையோடும் வாரன்டியோடும் சேர்த்து இதற்கும் பதிலைப் பெட்டியின் மேல் அச்சிட்டால் வாங்குகிறவருக்குப் பாதிக் கவலை தீரும்.