அண்ணாமலைக் காடும் கூட்டு விண்ணப்பமும்

கிரிவலம் செல்லும் நம்மவர்க்கு அடி அண்ணாமலை புதிய ஊரன்று. மலைக்கு மேற்றிசையில், ஆதி அருணாசலேசுவரர் ஆலயத்தோடும் மாணிக்கவாசகப் பெருமான் சந்நிதியோடும் விளங்குவது. திருவெம்பாவை பிறந்த தலம் இதுவே என்பர். விறகும், கூரை வேயும் புல்லும், ஆட்டுக்கு மேய்ச்சலும் அடிவாரத்துக் குடிகளுக்கு அம்மலையே அளித்து வந்தது. வெட்டும் மேய்ச்சலும் கோடைதோறும் பற்றிய புல்தீயும் சேர்ந்து, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதிக்குள் அதனை ஏறக்குறைய மொட்டையாக்கிவிட்டன. ஓடைகளும் வற்றின.

1987-ஆம் ஆண்டில், ரமணாசிரமத்தை அடைந்து வாழ்ந்த ஆஸ்திரேலியத் துறவிப் பெண்மணி ஒருவர், தம் தாய்நாட்டிலிருந்த மழைக்காட்டுத் தகவல் நிலையத்திற்குக் கடிதம் எழுதினார். அந்நிலையத்தின் தலைவர் ஜான் சீட் என்பவர், 1979-இல் நியூ சவுத் வேல்சிலுள்ள டெரானியா கிரீக் காட்டை வெட்டாது காக்கப் போராடியவர்களுள் ஒருவர். அவ்வுதவியால் அண்ணாமலை காடு வளர்ப்புச் சங்கம் எழுந்தது. பெரிய கோயிலின் மதில்களுக்கிடையே வெறுமையாய்க் கிடந்த நிலம் நாற்றுப்பண்ணையாயிற்று. சந்நிதி நிலத்தில் மரக்கன்று வளர்ப்பதினும் சிறந்த கைங்கரியம் யாது!

இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டுவது பொருள் வந்த வழியை. அயல்நாட்டுச் சர்க்காரின் உதவித் துறை, தன் நாட்டில் பதிவு பெற்று, தான் கணக்குக் கேட்கக்கூடிய ஸ்தாபனத்தின் மூலமாகவே பெரும்பாலும் பணம் தரும். அந்த ஸ்தாபனத்திற்கோ மலையில் கால் இல்லை. உள்ளூர்ச் சங்கத்திற்குக் கால் உண்டு; அயல்நாட்டில் அதற்காகப் பேசும் வாய் இல்லை. மலை வனத்துறையின் வசம்; கோயில் அறநிலையத்துறையின் ஆட்சியில்; கன்றை ஆடு தின்னாமல் காக்க வேண்டியவரோ ஊரார். ஒருவரை விட்டு மற்றவர் விண்ணப்பித்தால் அது காகிதமாகவே நிற்கும். ஒருவர் குறையை மற்றவர் நிரப்புவதே கூட்டு. பணம் மட்டும் வேண்டி, நிலமோ ஆளோ அற்ற இரு சங்கங்கள் கையொப்பமிடுதல் கூட்டாகாது.

ஆகவே விண்ணப்பத்திற்கு முன்பே உடன்படிக்கை எழுதப்பெறல் வேண்டும். பணத்தை ஏற்றுக் கணக்குக் கொடுக்கும் தலைமைச் சங்கம் எது, ஏனையோர் பங்கு எவ்வளவு, உதவி நின்றபின் கன்றுக்கு நீர் ஊற்றுவோர் யார் என்பன அதில் விளங்க வேண்டும். நம் சங்கங்களிலோ, தாளின் தலையில் எவர் பெயர் முதலில் வருவது என்பதிலேயே மூன்று கூட்டம் கழிந்துவிடுகிறது.

சட்டமும் மாறிவிட்டது. அயல்நாட்டு நன்கொடையை முறைப்படுத்தும் சட்டம் முதலில் 1976-இலும், பின்னர் புதிதாக 2010-இலும் இயற்றப்பட்டது. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற சங்கம் தான் ஏற்ற தொகையில் ஒரு பகுதியைப் பதிவு பெற்ற வேறொரு சங்கத்திற்கு அளிக்கலாயிற்று. 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை அறவே தடுத்தது. நிர்வாகச் செலவின் உச்ச வரம்பையும் நூற்றுக்கு 50-இலிருந்து 20-ஆகக் குறைத்தது. இன்று ஒவ்வொரு சங்கமும் தனித்தனியே பதிவு பெற்று, டில்லியில் ஸ்டேட் பாங்கின் முதன்மைக் கிளையில் கணக்குத் திறந்து, தன் பங்கை நேரே பெறல் வேண்டும். அப்பதிவுக்கோ மூன்றாண்டு வயதும், அம்மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் செலவிட்ட கணக்கும் பொதுவாக வேண்டப்படுகின்றன. அடி அண்ணாமலை போன்ற ஊரின் சிறு சங்கத்திற்கு இஃது எளிதன்று. உள்நாட்டு நிதிக்கு இத்தடை இல்லை; 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் தம் லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைப் பொதுநலப் பணிக்குச் செலவிடக் கடமைப்பட்டுள்ளன. சிறு சங்கங்கள் கூடித் தட்டவேண்டிய கதவு இப்போது அதுவே.