சந்தேகத்தின் செலவை யார் கட்டுவது?

நேற்றுவரை ஓடியாடிய குழந்தை. தொண்டைவலி வந்து போய்ச் சில நாட்கள் ஆகியிருக்கும். திடீரென்று கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. அம்மாவை விட்டு நகர மாட்டேன் என்கிறது. கண்ணும் தோளும் தானாக வெட்டி இழுக்கின்றன.

1998இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் சூசன் ஸ்வீடோவும் சகாக்களும் இப்படிப்பட்ட 50 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். 'பாண்டாஸ்' என்று பெயர் வைத்தார்கள். தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்க உருவான எதிர்ப்பொருள், ஆள் தெரியாமல் மூளையையே தாக்குகிறது என்பது அவர்களுடைய ஊகம். இது ஆகாயத்திலிருந்து குதித்த யோசனை இல்லை. 1686இல் தாமஸ் சிடன்ஹாம் விவரித்த, கைகால் துள்ளும் நோய்க்கும் இதே கிருமிதான் காரணம் என்பது பின்னால் தெரியவந்தது.

தீவிரமான குழந்தைகளுக்கு ஐவிஐஜி என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தப் பிளாஸ்மாவைச் சேர்த்துத் தயாரிப்பது; ஒரு தடவை ஏற்றவே ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். 1999இல் லான்செட் இதழில் வந்த சிறிய ஆய்வு, பலன் இருக்கிறது என்றது. 2016இல் 35 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், வெற்று மருந்துக்கும் இதற்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

காப்பீட்டு நிறுவனங்களுக்கு இது போதாதா? 'பரிசோதனை நிலையில் உள்ள சிகிச்சை' என்று சொல்லிப் பணம் தர மறுத்தன.

2017 ஜூலையில் இல்லினாய் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நோயுற்ற ஒரு சிறுவனின் பெயரால் அதைச் 'சார்லி சட்டம்' என்கிறார்கள். ஐவிஐஜி உட்பட இந்நோய்க்கான சிகிச்சைக்குக் காப்பீடு தந்தே ஆகணும் என்றது. அமெரிக்காவில் அப்படிச் சொன்ன முதல் மாநிலம் அதுதான்.

முதலில் எனக்கு இது உறுத்தியது. எந்த மருந்து வேலை செய்யும் என்பதைக் கையைத் தூக்கி ஓட்டுப் போட்டா முடிவு செய்வது? அப்புறம்தான் ஒன்று உறைத்தது. சட்டசபை மருத்துவக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. பதில் வரும்வரை செலவு யாருடையது என்றுதான் சொன்னது. அரிய நோய்க்குப் பெரிய ஆய்வு நடத்த நோயாளிகள் கிடைப்பது கஷ்டம், காலம் பிடிக்கும். குழந்தைப் பருவம் அதுவரை காத்திருக்காது. சந்தேகத்துக்கும் ஒரு விலை உண்டு. அதுவரை ஒரே குடும்பம் அதைத் தனியாகச் சுமந்தது. சட்டம் எல்லாருடைய பிரீமியத்திலும் பங்கு போட்டது.

ஆனால் எல்லாருக்கும் இல்லை. பெரிய கம்பெனிகள் பலவும் ஊழியர்களின் மருத்துவச் செலவுக்குத் தாங்களே நிதி ஒதுக்குகின்றன. 1974இன் மத்தியச் சட்டம் ஒன்றால், அந்தத் திட்டங்களை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆக, ஒரே தெருவில், ஒரே நோயுள்ள இரண்டு குழந்தைகள். யாருக்கு மருந்து என்பதை, அப்பா எங்கே வேலை பார்க்கிறார் என்பதுதான் இன்னும் தீர்மானிக்கிறது.