‘ராவுத்தர்’ அரபுச் சொல்லா?

பாலக்காட்டுக்குத் தெற்கே புதுநகரத்திலிருந்து ஒரு மாணவி வந்திருந்தார். கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்தில் அரபு முதுகலை படிக்கிறார். ராவுத்தர் குடும்பம்; வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். கையில் ஹான்ஸ் வேர் தொகுத்த அரபு அகராதி, அதன் நடுவே அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட்.

“சார், எங்க பேரு கிடைச்சிருச்சு. இதைப் பாருங்க.”

அரபு அகராதியில் சொற்கள் வேரெழுத்தின்படி அடுக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் மூன்று எழுத்து வேர்; அதிலிருந்து ஒரு குடும்பமே கிளைக்கும். அவர் விரல் வைத்திருந்த இடம் ‘ரே, வாவ், ளாத்’ என்ற வேர். குதிரையைப் பழக்குவது என்பது அதன் பொருள்களில் ஒன்று. பழக்குபவர் ‘ராயிள்’. தோட்டத்தைக் குறிக்கும் ‘ரவ்ளா’, விளையாட்டைக் குறிக்கும் ‘ரியாளா’, சவூதித் தலைநகரின் பெயர் எல்லாம் அந்த வேரில் பிறந்தவையே. ராவுத்தர் என்றால் குதிரைக்காரர் என்பது அவர் பாட்டி சொல்லி அவருக்குத் தெரியும். பொருளும் ஒத்துவருகிறது, ஓசையும் ஒத்துவருகிறது. அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்தபின் ‘இல்லை’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ‘ளாத்’ என்ற எழுத்துதான் இடிக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் அதை எப்படி உச்சரிக்கிறார்கள் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். நோன்பு மாதத்தின் பெயரே போதும். அரபு வழி நேராக வந்தால் ரமளான், பாரசீகம், உருது வழி வந்தால் ரம்ஜான். தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது உளு. நீதி சொல்பவர் காஜி அல்லது காழி. அந்த எழுத்து தமிழுக்கு வரும்போது ளகரமாகவோ ழகரமாகவோ ஜகரமாகவோ வருகிறது. அழுத்தமான ‘த்த’ ஆவதில்லை. ‘ராயிள்’ என்ற சொல் நம் ஊருக்கு வந்திருந்தால் ளகரத்தோடோ ஜகரத்தோடோ வந்திருக்கும், ராவுத்தர் ஆகியிருக்காது.

பின் எங்கிருந்து வந்தது? வடமொழியின் ‘ராஜபுத்ர’விலிருந்து. பிராகிருதத்தில் ‘புத்ர’ ‘புத்த’ ஆகும், இரு உயிர்களுக்கு நடுவே நிற்கும் ஜகரமும் பகரமும் தேய்ந்து விழும், மிஞ்சுவது ‘ராஉத்த’. மராத்தியில் ராவுத், தெலுங்கில் ரவுத்து, கன்னடத்தில் ராவுத. எல்லா இடத்திலும் குதிரைவீரன் என்ற பொருள் உண்டு. வடக்கே ராஜபுத் என்ற இனப்பெயரும் பிறந்தது இதே சொல்லில்தான். ஜெய்ப்பூர்க் கோட்டைக்காரரும் புதுநகரத்து ராவுத்தரும் சொல்லளவில் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

தமிழில் இந்தச் சொல் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையே ராவுத்தன் என்று விளிக்கிறார். செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் முத்தால் ராவுத்தர் என்ற முஸ்லிம் காவல் தெய்வம் இன்றும் நிற்கிறது. குதிரையேறிப் போர் செய்பவர் யாராயினும் ராவுத்தர். காலப்போக்கில் அந்தப் பட்டம் தமிழ் பேசும் ஹனபி முஸ்லிம்களின் குலப்பெயராக நிலைத்தது.

மாணவி கொஞ்சம் வாடிப்போனார். “அப்போ எங்களுக்கும் அரபிக்கும் சம்பந்தமே இல்லையா சார்?” என்றார்.

உண்டு. குதிரை வந்தது அங்கிருந்துதான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறையில் ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் வரும் குதிரைக் கப்பல்களைப் பற்றி எழுதியிருக்கிறார். இங்கே குதிரைக்கு லாடம் அடிக்க ஆளில்லை, சோறும் இறைச்சியும் சமைத்துப் போடுகிறார்கள், அதனால் அவை செத்துப்போகின்றன, ஆண்டுதோறும் புதிதாக வாங்குகிறார்கள் என்கிறார். அரபு முதுகலையில், பழைய அரபுக் கவிஞர் இம்ருவுல் கைஸ் தன் குதிரையை வருணிக்கும் கஸீதாவைப் படிக்காமல் தேறுவது அரிது. அந்தப் பாட்டின் மண்ணில் வளர்ந்த இனக் குதிரைதான் தாமிரபரணி முகத்தில் இறங்கியது. அந்தப் பாட்டையும் இந்தக் குதிரை வாணிபத்தையும் சேர்த்துப் பார்க்கும் பாடம் ஒன்று நம் பக்கத்துப் பல்கலைக்கழகங்களில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இந்தச் சேர்க்கை ஒரு நாவலிலும் உண்டு. பாலக்காட்டுக்கு அருகே தஸ்ராக் என்ற சிற்றூர். ஓ.வி. விஜயன் 1969இல் நூலாக வெளியிட்ட ‘கசாக்கின் இதிகாசம்’ என்ற மலையாள நாவல் அந்த ஊரை மனதில் வைத்து எழுதியது. யூமா வாசுகி அதைத் தமிழாக்கியிருக்கிறார். கசாக்கின் ராவுத்தர்கள் சொல்லும் கதையில், ஆயிரத்தொரு குதிரைகளோடு செய்யது மியான் ஷெய்கு வருகிறார். உடன் வருபவர்கள் பத்ரீன்கள். பத்ரு என்பது அரேபியாவில் 624இல் போர் நடந்த இடம். பெயரில் பிராகிருதம், கதையில் அரபு, இரண்டையும் சுமந்து வருவது குதிரை. அந்த நாவலை நான் முதலில் படித்தபோது இந்த இடத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன்.

இடுக்கி எல்லையிலும் இதே கலவைதான். குமுளியிலிருந்து மலையிறங்கி, கம்பம் தாண்டி உத்தமபாளையம் போனால் 1956இல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி. பெயர்ப்பலகையின் முதல் மூன்று சொற்களைப் பாருங்கள்: அரபு, தமிழ், பிராகிருதம். குமுளிக்கு மேற்கே பீர்மேடு. தக்கலை பீர் முகம்மது அப்பா என்ற சூஃபி ஞானி தவம் இருந்த மேடு என்பது வழிவழிச் செய்தி. ‘பீர்’ என்பதை அரபு அகராதியில் தேடினால் கிடைக்காது. அரபியில் பகர வல்லோசையே கிடையாது. முதியவர், குரு என்று பொருள்படும் பாரசீகச் சொல் அது. அரபியில் அதற்கு நேர் ஷெய்கு.

பாலக்காடு சென்னை மாகாணத்தில் இருந்த நாளில், 1927இல், சென்னைப் பல்கலைக்கழகம் அரபு, பாரசீகம், உருது மூன்றுக்கும் சேர்த்து ஒரே துறை தொடங்கியது. அரபும் பாரசீகமும் இப்படிக் கலந்து வந்திருப்பதால் சரியான ஏற்பாடு. அந்த மூன்றோடு தமிழையும் சேர்த்திருந்தால் முழுமையாகியிருக்கும் என்பது என் எண்ணம். வளைகுடா வேலைக்காக அரபு படிப்பதைக் குறை சொல்ல மாட்டேன். பல குடும்பங்களுக்கு அது சோறு போட்டிருக்கிறது. ஆனால் வீட்டில் ‘அத்தா’ என்று தகப்பனை அழைக்கும் பிள்ளைக்கு, அது தேவாரத்து ‘அத்தன்’ஓடு தொடர்புடையதா, துருக்கியின் ‘ஆதா’வா என்று ஆராயும் கருவியையும் அரபுப் பட்டம் தர வேண்டும்.

மாணவிக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பினேன். உங்களுக்கும் அதுவே. பாலக்காடு, கொல்லங்கோடு, தொடுபுழை, குமுளிப் பக்கத்து வீடுகளில் பழைய நிக்காஹ் பதிவுகளோ அரபுத்தமிழில் எழுதிய கணக்கேடுகளோ இருக்கலாம். கரையான் அரிப்பதற்கு முன் எடுத்துப் பாருங்கள். ராவுத்தர் என்ற பெயரை அரபு எழுத்தில் எழுதியவர் தகரத்துக்கு உரிய ‘தே’ போட்டிருக்கிறாரா, ‘ளாத்’ போட்டிருக்கிறாரா என்று பார்த்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்.