தெமோதரையிலிருந்து தமிழகம் எவ்வளவு தூரம்?

தெமோதரைக்கும் சென்னைக்கும் இடையேயுள்ள தூரத்தை வான்வழியில் அளந்தால் ஏறக்குறைய 690 கிலோமீற்றர் ஆகும். விமானமொன்று ஒரு மணித்தியாலத்திற்குச் சற்றுக் கூடுதலான நேரத்திற் கடக்கத்தக்க தூரமிது. எனினும், ஊவாத் தோட்டங்களுக்கும் தமிழகத்திற்கும் இடையே மக்கள் உண்மையாகப் பயணஞ்செய்த வரலாற்றை நோக்குமிடத்து இக்கணக்கு நமக்கு அதிகம் உதவுவதில்லை.

முதலில் இருப்புப்பாதையைக் கருதுவோம். கொழும்பிலிருந்து தெமோதரை நேர்கோட்டில் 130 கிலோமீற்றரளவே. கொழும்பு – பதுளை இருப்புப்பாதையோ ஏறத்தாழ 290 கிலோமீற்றர் நீளமுடையது. 1885 இல் நானுஓயாவையும் 1894 இல் பண்டாரவளையையும் அடைந்த அப்பாதை, 1924 இலேயே பதுளையை எட்டியது. பட்டிப்பொலவில் 6,200 அடிக்கு மேல் ஏறியபின், 2,200 அடியளவிலுள்ள பதுளைக்கு அது இறங்கியாக வேண்டும். இவ்விறக்கத்திற் கண்ட உபாயமே தெமோதரை வளைவு. கொழும்பிலிருந்து வரும் வண்டி நிலையத்தைவிட்டு நீங்கி, குன்றைச் சுற்றி இறங்கி, தான் சற்று முன்னர் நின்ற அதே நிலையத்தின் கீழுள்ள சுரங்கத்தினூடே செல்கின்றது. உல்லாசப் பயணிகள் இதனை வியந்து படம் பிடிப்பர். தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகஞ் சேர்ப்பதே இப்பாதையின் நோக்கம் என்பதை அவர்கள் நினைப்பதுண்டோ என்பது ஐயமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த முன்னோர் மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே மாத்தளைவரை நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். 1914 இல் தலைமன்னாருக்குப் புகைவண்டியும் தனுஷ்கோடிக்குக் கப்பலும் இணைந்தபின் அந்நடை ஒழிந்தது. பின்னர் அதே வழி திரும்பிச் செல்வோரின் வழியாயிற்று. 1964 ஒக்டோபர் 30 இற் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோர் 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இற் சமபாதியாகப் பங்கிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரிற் புயல் தனுஷ்கோடியை அழித்தமையால், அதாவது 1964 இலேயே, கப்பல் இராமேசுவரத்திற்கு மாறியது.

எம் பாட்டியாரின் தங்கை குடும்பம் எழுபதுகளிற் சென்றது. விண்ணப்பம், கடவுச்சீட்டு, சேமலாப நிதி எனக் காத்திருந்தமைக்கே ஆண்டுகள் கழிந்தன. பயணமோ பதுளையில் வண்டியேறி, பொல்காவலையில் வடக்கே திரும்பி, தலைமன்னாரிற் கப்பலேறி, மண்டபம் முகாமிற் பதிவாகி, நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் முடிந்தது. தாயகம் திரும்புவோர் என ஏடுகள் அவர்களைக் குறித்தன. அவரோ தெமோதரையிற் பிறந்தவர். சென்னையை அவர் கண்டதேயில்லை. விட்டுச்சென்ற கொழுந்தையே அங்கும் பறித்தார்.

1984 இற் கப்பற் போக்குவரத்து நின்றது. கடவுச்சீட்டுப் பெற்றும் புறப்படாதோர் பலர் இங்கேயே தங்கினர். அதன்பின் தங்கையைப் பார்ப்பதாயின் பாட்டியார் கட்டுநாயக்காவில் விமானமேற வேண்டியிருந்தது. அதற்கான பணம் அவர் கையில் ஒருபோதும் சேரவில்லை.