டீசல், டிக்கி, அப்பாவின் இடுப்பு

போன வருஷம் அப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. அதுக்கப்புறம் மாதம் இரண்டு தடவை கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குப் போய்வர வேண்டியிருந்தது. ஒரு நடைக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். என்னிடம் இருந்த சின்ன கார் ரொம்பத் தாழ்வு. உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பை விட மேலே வந்துவிடும். மூட்டு மாற்றியவர் அப்படி உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வேறு வண்டி பார்க்க வேண்டும். கையில் இருந்தது இரண்டரை லட்சம்.

அப்பாவிடம் யோசனை கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம். "டீசல் வண்டியாப் பாருல. டிக்கி வச்சதா இருக்கட்டும்" என்றார். 19 வருஷம் டீசல் அம்பாசடரில் வாடகை ஓட்டியவர் வேறு எதைச் சொல்வார்?

ஒரு மாதம் பழைய கார் விற்கும் இடங்களாக அலைந்தேன். அலைய அலைய ஒரு விஷயம் புரிய ஆரம்பித்தது. அங்கே வரிசையாக நிற்கிற ஒவ்வொரு டீசல் காரின் பின்னாலும் ஏதோ ஒரு வருஷத்து அரசாங்க உத்தரவு இருக்கிறது. அது தெரியாமல் விலை கேட்டால், யாரோ எப்போதோ போட்ட கணக்குக்கு நாம் காசு கொடுத்துவிட்டு வருவோம். இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

டீசல் இன்ஜின் முதலில் காருக்காக வந்ததில்லை. கப்பல், தொழிற்சாலை, லாரி என்றுதான் அதன் பிழைப்பு. கனம், சத்தம், புகை எல்லாம் அதிகம். 1936-ல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடஸ் பென்ஸ் '260 டி' என்ற டீசல் காரை வைத்தது. இரண்டரை லிட்டர் இன்ஜின், 45 குதிரைத் திறன். அதை முதலில் விரும்பி வாங்கியவர்கள் ஜெர்மனியின் டாக்ஸிக்காரர்கள். சத்தத்தை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள், ஏன்னா எரிபொருள் செலவு குறைந்தது. ஆக, டீசல் காரின் முதல் ரசிகர் கூட்டமே வாடகை வண்டிக்காரர்கள்தான். அப்பாவின் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு பரம்பரையே இருக்கிறது.

இந்தியாவுக்கு அது வந்து சேர 1980 ஆயிற்று. உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடரில் 1489 சி.சி. டீசல் இன்ஜினை வைத்தது. திறன் வெறும் 37 குதிரை. இன்றைக்குச் சில பைக்குகளுக்கே அதைவிட அதிகம். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி, உள்ளே ஆறேழு பேர், மேலே கேரியரில் கல்யாணச் சீர். அந்த 37 குதிரையை வைத்துக்கொண்டு அப்பா குற்றாலம் வரைக்கும் போய்வந்தார். காலையில் ஹீட்டர் போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து, இருமி இருமி அது ஸ்டார்ட் ஆகிற சத்தம்தான் எங்கள் தெருவுக்கே அலாரம்.

அந்த வண்டி ஏன் ஓடியது? விலைதான் காரணம். இன்ஜினின் பெருமை எதுவுமில்லை. அப்போது எரிபொருள் விலையை அரசாங்கம் நிர்ணயித்தது. டீசல் என்றால் பஸ், லாரி, டிராக்டர், பம்புசெட். அதை ஏற்றினால் அரிசி முதல் வெங்காயம் வரை ஏறும் என்று பயம். பெட்ரோல் என்றால் கார் வைத்திருக்கிறவன், வசதியானவன், அவன் கொடுக்கட்டும். இந்த இரண்டு எண்ணமும் பல பத்தாண்டுகள் நீடித்தன. விவசாயியின் டிராக்டருக்காகத் தாழ்த்தி வைத்த விலையில், டீசல் கார் வைத்திருந்த டாக்ஸிக்காரரும் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டார் (சத்தத்தோடுதான், ஆனாலும்). பின்னாடியே மற்றவர்களும் வந்தார்கள்.

1990-களில் வந்தவர்களைப் பார்த்தால் யார் வீட்டு இன்ஜின் யார் வண்டியில் என்று குழம்பிப் போகும். மாருதி எஸ்டீமுக்குள் பிரெஞ்சுக்காரரான பியூஜோவின் 1.5 லிட்டர் டீசல். கான்டெஸாவுக்குள் ஜப்பானின் இசுசு. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த மிட்சுபிஷி லேன்சரிலும், மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஐகானிலும் டீசல் வந்தது. இதில் எதையும் இன்றைக்கு மருத்துவமனைப் பயணத்துக்கு வாங்கச் சொல்ல மாட்டேன். ஆசைக்கு வைத்துக்கொள்ளலாம். உதிரி பாகம் தேடியே வயசாகிவிடும்.

உண்மையான மாற்றம் 2002-ல், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து. ஹூண்டாய் ஆக்சென்ட் சி.ஆர்.டி.ஐ. என்று மூன்றே சிலிண்டர் உள்ள ஒரு டீசல் வண்டியை விட்டது. பழைய டீசலில் பம்ப் அந்தந்த சிலிண்டருக்குத் தனித்தனியாக எண்ணெயைத் தள்ளும். இதில் எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவாக ஒரு குழாய். அதில் டீசல் எப்போதும் மிகுந்த அழுத்தத்தில் தயாராக இருக்கும், எப்போது எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். 'காமன் ரெயில்' என்கிறார்களே, அது இதுதான். சத்தம் குறைந்தது, இழுவை கூடியது. சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவர்கள் டீசலை மதிக்கத் தொடங்கியது இதற்கப்புறம்தான். ஆனால் பழைய காரில் காசைக் கரைக்கிற பொருளும் இங்கேதான் உள்ளே வந்தது. அம்பாசடரின் பம்பை எந்த ஊர் டீசல் லேத்திலும் சரி பண்ணலாம். காமன் ரெயில் இன்ஜெக்டர் ஒன்று போனால் பில்லைப் பார்த்துத் தலை சுற்றும்.

அடுத்து வந்தது ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட், 1248 சி.சி. மாருதி ஸ்விஃப்ட், டிசையர், எஸ்.எக்ஸ். 4, டாடா மான்சா, ஃபியட் லினியா என்று எத்தனையோ வண்டிகளில் அதே இன்ஜின் வேறு வேறு பெயரில் உட்கார்ந்தது. இந்தியாவின் தேசிய இன்ஜின் என்று கேலியாகவும் பாசமாகவும் சொல்வார்கள்.

இந்தச் சமயத்தில்தான் விலை விவகாரம் உச்சத்துக்குப் போனது. 2010 ஜூனில் பெட்ரோல் விலையை அரசாங்கம் கட்டுப்பாட்டிலிருந்து விட்டுவிட்டது, டீசலை விடவில்லை. அதே வருஷம் கிரித் பாரிக் குழு, டீசல் கார்களுக்குக் கூடுதலாக 80,000 ரூபாய் வரி போடச் சொன்னது. மானிய டீசலில் கார் ஓட்டுகிறவர் அதை ஒரே தவணையில் திருப்பிக் கொடுக்கட்டும் என்ற நியாயம். அது நடக்கவில்லை. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்தான். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தருகிற பெட்ரோல் காரையும் 18 தருகிற டீசல் காரையும் பக்கத்தில் வையுங்கள். பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு 5.20 ரூபாய், டீசலுக்கு 2.30 ரூபாய். பாதிக்கும் கீழே! ஊரே டீசல் கார் வாங்கியதில் ஆச்சரியமே இல்லை. இன்றைக்கு என் பட்ஜெட்டில் கிடைக்கிற டீசல் கார்களில் பெரும்பாலானவை 2010-க்கும் 2014-க்கும் நடுவில் பிறந்தவை. அந்த 32 ரூபாய் வித்தியாசத்தின் பிள்ளைகள்.

2013 ஜனவரியிலிருந்து டீசல் மாதம் 50 பைசா அளவில் ஏறத் தொடங்கியது. 2014 அக்டோபரில் அதன் விலைக் கட்டுப்பாடும் போயிற்று. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபோது மாருதி டீசல் கார் செய்வதையே நிறுத்திக்கொண்டது. நான் வண்டி தேடிய நாட்களில் நம்ம பக்கம் பெட்ரோல் 100 ரூபாயை ஒட்டி, டீசல் 92-ஐ ஒட்டி. அதே கணக்கைப் போட்டால் பெட்ரோலுக்கு 7.20, டீசலுக்கு 5.10. எனக்கு மாதம் 600 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால் மிச்சம் 1,200 ரூபாய்ச் சொச்சம். ஒரு இன்ஜெக்டர் தகராறு பண்ணினால் ஒரு வருஷத்து மிச்சமும் போய்விடும். அப்பாவின் சூத்திரம் 2014-லேயே செத்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை.

அப்படியென்றால் பெட்ரோல் காரே வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் போய்ப் பார்த்தேன். இரண்டரை லட்சத்தில் கிடைத்த பெட்ரோல் டிக்கி வண்டிகள் எல்லாம் தாழ்வு, இல்லை ரொம்ப வயசானவை. உயரமாக, நிமிர்ந்து உட்கார வைத்து, கால் நீட்ட இடம் தருகிற வண்டிகள் டீசலில்தான் மலிவாகக் கிடைத்தன. ஏன் மலிவு என்பதற்கு இன்னொரு உத்தரவைச் சொல்ல வேண்டும்.

2006 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சின்ன கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். எது சின்ன கார்? நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். இன்ஜின் பெட்ரோல் என்றால் 1200 சி.சி.-க்குள், டீசல் என்றால் 1500-க்குள். ஹாட்ச்பேக்கை நினைத்துப் போட்ட அளவு என்றுதான் தோன்றுகிறது. ஆனால் நம்ம ஊரில் டிக்கி இல்லாத காரைப் பலர் காராகவே மதிப்பதில்லையே. அதனால் கம்பெனிகள் டிக்கியை நறுக்க ஆரம்பித்தன. 2008-ல் டாடா இண்டிகோ சி.எஸ். அதே வழியில் டிசையர்: 2008-ல் வந்தபோது 4160 மில்லிமீட்டர், 2012-ல் புது டிசையர் 3995. டிக்கி 440 லிட்டரிலிருந்து 316 ஆனது. பின்னால் இருந்து பார்த்தால் வாலறுந்த பல்லி மாதிரி இருக்கும். விற்பனை மட்டும் பிய்த்துக்கொண்டு போயிற்று, பழைய மார்க்கெட்டிலும் அதற்குத்தான் கிராக்கி. வாக்கர் வைத்துக்கொண்டு பயணம் போகிறவர்களுக்கு அந்த 124 லிட்டர் சின்ன விஷயமில்லை.

இந்த விதியில் அடிபட்ட வண்டி ஒன்று உண்டு. மஹிந்திராவும் ரெனோவும் சேர்ந்து 2007-ல் கொண்டுவந்த லோகன். ரெனோவின் கிளை நிறுவனமான டேசியா, ருமேனியாவில் 2004-ல் அறிமுகப்படுத்திய கார் அது. 5,000 யூரோவுக்குள் ஒரு முழுக் குடும்பக் கார் என்பதுதான் இலக்கு. இடப்பக்கக் கண்ணாடியைக் கழற்றி வலப்பக்கம் மாட்டும்படி ஒரே அச்சில் செய்து சிக்கனம் பண்ணினார்கள். ஆனால் இடத்தில் சிக்கனம் இல்லை. மோசமான சாலைக்கு ஏற்ற மெத்தென்ற சஸ்பென்ஷன், உயரமான சீட்டு, அகலமான பின்சீட்டு, 510 லிட்டர் டிக்கி. நீளம் 4 மீட்டரைத் தாண்டியதால் வரிச் சலுகை கிடையாது. தீப்பெட்டி மாதிரி இருக்கு என்று ஜனங்களும் முகம் சுளித்தார்கள். 2010-ல் ரெனோ விலக, பின்பு மஹிந்திரா அதையே வெரிட்டோ என்ற பெயரில் விற்றது. உள்ளே இருப்பது ரெனோவின் 1461 சி.சி. டீசல். ஒரகடத்தில் செய்த நிசான் சன்னி, ரெனோ டஸ்டர் இவற்றிலெல்லாம் இருப்பதும் அதன் வகையறாதான், அதனால் வேலை தெரிந்த மெக்கானிக் கிடைப்பார்.

மார்க்கெட் ஒதுக்கிய வண்டி. அதனால் விலை இறங்கியது, சொகுசு மட்டும் அப்படியே இருந்தது.

வாங்கும் முன்னால் இரண்டு இடத்தில் ஏமாறப் பார்த்தேன். ஒரு புரோக்கர் காட்டிய வண்டியில் மீட்டர் 82,000. கூட வந்த மெக்கானிக் அண்ணாச்சி மீட்டரைப் பார்க்கவே இல்லை, கிளட்ச் பெடலின் ரப்பரைத்தான் பார்த்தார். வழவழவென்று தேய்ந்திருந்தது. "இது 82-ன்னா எனக்கு வயசு 20 தம்பி" என்றார். ஆர்.சி.யைத் தோண்டினால் அது முன்னாள் டி-போர்டு, டாக்ஸியாக ஓடி ஓய்ந்தது. இன்னொன்று டெல்லி வண்டி, பளபளவென்று இருந்தது, விலையும் ரொம்பக் குறைவு. பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி டெல்லியில் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. அப்படி வெளியேறிய வண்டிகள் என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு தெற்கே வரும். வண்டி நல்லதாகவே இருக்கலாம். ஆனால் இங்கே மறுபதிவு செய்து மறுபடி வரி கட்ட வேண்டும். அதைக் கூட்டினால் மலிவு கரைந்துவிடுகிறது.

கடைசியில் சாத்தூர் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் 2013 வெரிட்டோ கிடைத்தது. ஒரே ஓனர். விலை 2,10,000. மீதி 40,000-ஐத் தொடாமல் வைத்தேன், ஏன்னா இந்த இன்ஜினில் டைமிங் செயின் கிடையாது, பெல்ட். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டி இன்ஜினே போய்விடும். எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இல்லை. "பில் இல்லன்னா மாத்தலன்னு அர்த்தம்" என்றார் அண்ணாச்சி. வீட்டுக்குப் போகும் முன்னாலேயே அவர் பட்டறையில் விட்டு பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றினோம்.

வண்டி வந்ததும் அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முதுகைத் திருப்பி சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே வைத்தார். முழங்கால் மேலே வரவில்லை. நான் சாவியைத் திருப்பினதும் இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது.

"ஹீட்டர் போடலியால?"

"தேவையில்லப்பா. அதுவே பாத்துக்கிடும்."

கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "டீசல்தானா இது? புரோக்கர் உன்ன ஏமாத்திட்டானோ?" என்றார். இறங்கிப் போய் டேங்க் மூடியைத் திறந்து, அதில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டிய பிறகுதான் கதவைச் சாத்தவிட்டார்.