சாட்சிக் கூண்டில் ஒரு பிரபு

இந்த வாரம் காஸ்ல்மார்ட்டன். 1992 மே மாதம், வூஸ்டர்ஷயர் புல்வெளி, ஸ்பைரல் ட்ரைப் என்ற ஸ்பீக்கர்க் குழு, ஒரு வாரம் ஓயாத இசை. அப்படித்தான் அறிவித்திருந்தோம். ஆனால் ரேவ் ஆவணப்படங்களை வரிசையாகப் பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. ஆட்டத்தைப் படமெடுத்தவர்கள் குறைவு. அடிதடியைப் படமெடுத்தவர்கள் அதிகம். இருட்டிலும் புகையிலும் ஆடியவர்களிடமிருந்து கிடைப்பது கைக் கேமராவின் நடுங்கும் காட்சிகள். மிச்சத்துக்கு இயக்குநர்கள் டிவி செய்திகளின் பழைய நாடாக்களைத்தான் நாட வேண்டியிருக்கிறது. ரேவ் ஆவணப்படத்தின் பாதி வேலை, எதிர்த்தரப்பு எடுத்து வைத்ததை மாற்றிப் படிப்பதுதான். ஜெரமி டெல்லர் 2018-ல் எடுத்த 'எவ்ரிபடி இன் தி பிளேஸ்' அதைத்தான் செய்கிறது. லண்டன் பள்ளி மாணவர்கள் முன்னால் பழைய சிந்தசைசர்களைப் பரப்பி வைத்துவிட்டு, பேச்சைச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் திருப்புகிறார். 1984 ஜூன் 18, ஆர்க்ரீவ் மோதல். பிபிசி செய்தியில் முதலில் கல்வீச்சு, பிறகு குதிரைப் போலீஸ். வரிசை மாறிப்போனதை 1991-ல்தான் பிபிசி ஒப்புக்கொண்டது. அதற்குள் ஏழு வருடம், நாடே அந்த வரிசையைத்தான் நம்பியிருந்தது.

ஆர்க்ரீவுக்கு மறுவருடம், ஜூன் 1, அவரை வயல் சண்டை. ஸ்டோன்ஹெஞ்ச் இலவசத் திருவிழாவுக்குப் பழைய பஸ்களிலும் வேன்களிலும் கிளம்பிய சுமார் 600 நாடோடிகளை, வில்ட்ஷயரில் சுமார் 1,300 போலீசார் மறித்தார்கள். வண்டிகள் பக்கத்து வயலுக்குள் புகுந்தன. கண்ணாடிகள் நொறுங்கின, மண்டைகள் உடைந்தன, 500-க்கும் மேற்பட்டோர் கைது. இங்கேதான் நம் நாயகர் வருகிறார்: கார்டிகன் பிரபு. 1854-ல் கிரிமியாவில் குதிரைப்படையைப் பீரங்கிகளை நோக்கி நடத்திப்போன கார்டிகனின் அதே பட்டம். கன்சர்வேடிவ் கட்சிக்காரர். முந்தின இரவு நாடோடிகள் தங்கியது அவர் குடும்பத்தின் சாவர்னேக் காட்டில். ஊர்வலம் கிளம்பியதும் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே போனார். நிறைமாதக் கர்ப்பிணிமேல் லத்தி விழுந்ததைக் கண்ணால் கண்டார். மறுநாள் காட்டில் மிச்சமிருந்தவர்களையும் 'கவனிக்க' போலீசார் அனுமதி கேட்டு வந்தபோது முடியாது என்றார். பின்னர் நீதிமன்றத்தில் நாடோடிகளுக்காகச் சாட்சி சொன்னார். தன்னைப் பொய்யன் என்ற பத்திரிகைகள்மீது வழக்குப் போட்டு ஜெயித்தார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இவரைப்போல நெஞ்சுரத்தோடு தன் வர்க்கத்துக்கே கசப்பானவர்கள் சொற்பம். நாடோடிகளுக்குக் கிடைத்ததோ 24,000 பவுண்டு இழப்பீடு. வழக்குச் செலவே அதை விழுங்கிவிட்டது.

கேமராவும் அங்கே இருந்தது. ஐடிஎன் நிருபர் கிம் சபிடோ வயலில் நின்றபடியே போலீசின் கொடூரத்தைக் கடுமையாகச் சொன்னார். ஒளிபரப்பில் அவர் குரல் இல்லை. பின்னாளில் தேடியபோது மோசமான காட்சிகளைக் காணவில்லை என்றார் அவர். எஞ்சியதைத் தேடிப்பிடித்துத் தொகுத்த 'ஆபரேஷன் சோல்ஸ்டைஸ்' 1991-ல் சேனல் 4-ல் வந்தது. அதில் ஒரு பீட் இசைகூட இல்லாமல் போகட்டும்; என் கணக்கில் ரேவ் ஆவணப்படத்தின் மூதாதை அதுதான். ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து துரத்தப்பட்ட அதே நாடோடிகளோடு ஸ்பீக்கர்க்காரர்கள் கைகோர்த்ததுதானே காஸ்ல்மார்ட்டன்!

இசை சிகாகோ, டெட்ராய்ட் கறுப்பின இளைஞர்களுடையது, அதில் இங்கிலாந்து நாடோடிக்கும் சுரங்கக்காரனுக்கும் என்ன பங்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, 'மேஸ்ட்ரோ', 'ஹை டெக் சோல்' மாதிரிப் படங்கள் அந்தக் கடனைச் சொல்கின்றன. ஆனால் கிளப்பில் பிறந்த இசை ஏன் வயலுக்குப் போனது, போன இடத்தில் ஏன் போலீஸ் நின்றது என்பதற்கு டெட்ராய்ட்டில் விடை இல்லை. ஆட வந்தவர்களுக்கு அரசியலே கிடையாது, மாத்திரையும் ராத்திரியும் போதும் என்பது இன்னொரு வாதம். பெரும்பாலோருக்கு அப்படியே இருந்திருக்கும். அரசியலை அவர்கள் கொண்டுவரவில்லை, அரசு கொண்டுவந்தது. காஸ்ல்மார்ட்டனுக்காகக் கைதான ஸ்பைரல் ட்ரைப் 13 பேரும் 1994-ல் விடுதலையானார்கள். அதே வருடம் வந்த குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளத்தையே இலக்கணம் வகுத்து, திறந்தவெளியில் நூறு பேர் கூடி இரவில் அதைக் கேட்டால் கலைக்கலாம் என்றது. 2003-ல் அந்த நூறும் இருபதாகச் சுருங்கியது.

(தொடரும்)